தரை தொடாத ஷூ

9

"பூஞ்சை காத்துல வரும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அந்தக் காத்து எங்கருந்து வருது? இவ வாயிலருந்துதான் வருது," என்றாள் கித்தேரியா.

லெயோகாடியா கையிலிருந்த ஈரத்துணியை வாளிக்கு மேல் பிடித்துப் பிழிந்தாள். அவள் பிழிந்த வேகத்தைப் பார்த்தால், துணிக்குப் பதில் நாத்தனாரின் கழுத்து கிடைத்திருந்தால் இன்னும் நன்றாகப் பிழிந்திருப்பாள் என்று டெல்ஃபிமுக்குப் பட்டது.

டெல்ஃபிம் சுவரோரம் ஒதுங்கி நின்றான். போர்ச்சுகலின் போவுவா துறைமுகத்து மீன் ஏலக்கூடத்தில் எட்டு வருடம் ஏலம் கூவியவன் அவன். ஒரு பெரிய மனிதரின் மத்தி மீனைக் காட்டி, "இது செத்தது போன வாரம், இன்னிக்குத்தான் அடக்கம்" என்று மைக்கில் சொல்லிவிட்டதால் வேலை போயிற்று. அந்த வாய்க்கு அதற்குப் பிறகு இடம் கொடுத்தவர், டோனா என்று அவன் மரியாதையாகக் கூப்பிடும் எர்மீனியா ஒருவர்தான். எங்கேயாவது படகு மூழ்கினால் அது மூழ்கியதா, மூழ்கடிக்கப்பட்டதா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் துப்பறிந்து இருபது வருடம் கழித்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். வயது ஐம்பத்து நாலு. யார் சொன்னதையும் ஒரே தடவையில் நம்பிய பழக்கம் அவருக்கு இல்லை.

அவர் அந்த அறையின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் இடுக்குகளில் பழுப்பு டேப். தரையில் விரிப்பு இல்லை. பூந்தொட்டி இல்லை. மூலையில் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்று முனகிக்கொண்டிருந்தது. கட்டில் காலியாக இருந்தது.

கட்டிலுக்குச் சொந்தக்காரன் லெயோகாடியாவின் புருஷன், ஸெஃபெரீனோ க்ராவெய்ரோ. நாற்பத்தொரு வயது, சொந்தப் படகு. இந்தக் கரையில் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக ஒரு நோய் இறங்கி வருகிறது. முதலில் பாதம் மரத்துப் போகும், பிறகு மெல்ல மெல்ல ஆளையே தின்னும். பிஞ்சுப் பாத நோய் என்று கொஞ்சலாகப் பேர் வைத்திருக்கிறார்கள். கொஞ்சுகிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை. குற்றவாளி கல்லீரல். அவனுடைய அப்பாவுக்கு அதை மாற்ற வழி இல்லாத காலம், போய்ச் சேர்ந்தார். மகனுக்கு ஏப்ரலில் போர்ட்டோவில் புதுக் கல்லீரல் வைத்தார்கள். ஜூனில் வீட்டுக்கு வந்தான். ஜூலையில் காய்ச்சல் வந்தது. நுரையீரலில் பூஞ்சை.

புதுக் கல்லீரலை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க மாத்திரை கொடுத்து உடம்பின் காவலையே தூங்கவைக்கிறார்கள். நாமெல்லாம் தினமும் மூச்சில் இழுத்துத் துப்பிவிடுகிற தூசு, காவல் தூங்குகிறவன் நெஞ்சில் போய் வேர் பிடித்துவிடும். ஸெஃபெரீனோ எதைச் சுவாசித்தான், எங்கே சுவாசித்தான் என்பதுதான் கேள்வி. மருந்து ஏறி அவன் ஆஸ்பத்திரியில் தேறிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். இன்று வியாழக்கிழமை.

"டாக்டர் என்ன சொன்னாங்க, அப்படியே சொல்லுங்க," என்றார் எர்மீனியா.

"எங்கருந்து வந்துச்சுன்னு தெரியாம நான் அவரை அனுப்பினா, அவர் மறுபடி அங்கேயே போய் நின்னா, அடுத்த தடவை உங்களுக்கு என் உதவி தேவைப்படாதுன்னு சொன்னாங்க." லெயோகாடியாவின் குரல் நடுங்கவில்லை. அவள் மூன்று வாரமாகத் தூங்கவில்லை என்பது கண்ணில்தான் தெரிந்தது. "வைக்கோல் போர், குப்பை மேடு, தோட்ட மண், வீடு இடிக்கிற இடம், எல்லாம் கேட்டாங்க. எதுலயும் அவர் காலே வைக்கல. நான் எழுதி வெச்சிருக்கேன்."

ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். தேதி வாரியாக நாற்பது வரி. ஆஸ்பத்திரி, வீடு, ஆஸ்பத்திரி, வீடு. வேறு ஒன்றும் இல்லை.

"ஜெயில்ல கூட நடுவுல முற்றத்துக்கு விடுவாங்க," என்றான் டெல்ஃபிம்.

"உன் கருத்தை யாரும் கேட்கல," என்றாள் லெயோகாடியா.

"யாரும் கேட்கிறதே இல்ல. நானாத்தான் கொடுக்கிறேன்."

"உழவு வீட்டுப் பொண்ணு வேண்டாம்னு பதினஞ்சு வருஷம் முன்னாடியே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்," என்று கித்தேரியா மறுபடி ஆரம்பித்தாள். மீன் சந்தையில் தினமும் நூறு பேரோடு மல்லுக்கு நிற்கும் குரல் அது. "கடல்காரன் கடல்காரியைக் கட்டணும். இவ மண்ணுல புரண்டு வளர்ந்தவ. மண்ணுல இருக்கிறது மண்ணோட வரத்தானே செய்யும்."

"உன் தம்பிக்கு நாலு தடவை மீன் கொண்டுவந்தியே, அந்தக் கூடையைக் கழுவி எத்தனை வருஷமாச்சு?"

"வாசலோடதானே வாங்கிக்கிட்டே. என்னை உள்ளயா விட்டே?"

"விட்டிருந்தா இன்னும் சீக்கிரம் போயிருப்பாரு."

எர்மீனியா இருவரையும் கண்டுகொள்ளாமல் அலமாரியைத் திறந்தார். சட்டைகள் வரிசையாக, கொதிநீரில் துவைத்த வாடையோடு தொங்கின. டெல்ஃபிம் குனிந்து கடைசி இழுப்பறையை இழுத்தான். பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஜோடி கறுப்பு ஷூ.

"அது கோயிலுக்குப் போடுற ஷூ. பழசு," என்றாள் லெயோகாடியா. கொஞ்சம் அவசரமாகவே சொன்னாள்.

எர்மீனியா ஒன்றைக் கையில் எடுத்தார். திருப்பினார். அடிப்பக்கத்தை ஒரு நிமிடம் பார்த்தார். இன்னொன்றையும் அப்படியே பார்த்துவிட்டு, செய்தித்தாளில் பழையபடி சுற்றி உள்ளே வைத்தார்.

"சாயங்காலம் வர்றோம்," என்றார்.

"இதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேனா? அலமாரியைத் திறந்து மூட எனக்கே தெரியும்."

வேனில் ஏறிக் கதவைச் சாத்தியதும் டெல்ஃபிம் சொன்னான்: "ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னதுல என் சட்டையே கருகிப்போச்சு, டோனா. யார் பண்ணியிருப்பா?"

"அந்த ஷூவை அவ என்ன சொன்னா?"

"பழசுன்னு."

"அடியில ஒரு கீறல் கூட இல்ல. கடையில ஒட்டின விலைச்சீட்டோட பசை இன்னும் இருக்கு. ஆனா போட்டிருக்காங்க. நாடா கட்டின மடிப்பு இருக்கு."

"அப்போ பறந்து போயிருப்பாரு."

"மெழுகைப் பாத்தியா?"

பார்த்திருந்தான். ஷூவின் நுனியில் இரண்டு மூன்று சொட்டு மெழுகு. கோயிலுக்குப் போனால் மெழுகு சொட்டத்தானே செய்யும் என்று விட்டுவிட்டான்.

"நின்னுக்கிட்டு இருக்கிறவன் ஷூவுல மெழுகு விழுந்தா எப்படி வழியும்?"

"பக்கவாட்டுல. தரையைப் பாக்க."

"இதுல நுனியில விழுந்து, அடித்தோல் மேல இறங்கி, குதிகாலைப் பாக்க வழிஞ்சு உறைஞ்சிருக்கு. ரெண்டு ஷூவுலயும் அப்படித்தான்."

டெல்ஃபிம் தன் காலைத் தூக்கி ஸ்டீயரிங் மேல் வைத்துப் பார்த்தான். குதிகாலை ஊன்றி நுனியை வானத்தைப் பார்க்க நிமிர்த்தினான். அப்போதுதான் அப்படி வழியும்.

"மல்லாந்து படுத்திருக்கணும்," என்றான். "கால்மாட்டுல ஒருத்தன் மெழுகுவர்த்தி பிடிச்சுக்கிட்டு வரணும். புது ஷூ வேற. அப்படிப் படுக்கிறவன் உலகத்துல ஒருத்தன்தான், டோனா. ஆனா அவன் திரும்பி வந்து ஷூவைக் கழட்டி அலமாரியில வெக்க மாட்டான்."

சொல்லி முடித்ததும் அவன் முகத்திலிருந்த சிரிப்பு வற்றியது.

"என்னடா?"

"எங்க மாமா ஒருத்தர் திரும்பி வந்தாரு." காலை இறக்கினான். "படகு கவிழ்ந்து ரெண்டு நாள் பலகையைப் பிடிச்சுக்கிட்டு மிதந்தவர். அவர் பொழைச்சா உயிரோட சவப்பெட்டியில படுக்கவெச்சு மாதா சந்நிதிக்குத் தூக்கிட்டு வரேன்னு எங்க அத்தை வேண்டிக்கிட்டாங்க. வேனை விட்டு இறங்கினதுலருந்து பீடம் வரைக்கும், திரும்பி வர்ற வரைக்கும், கால் தரையில படக்கூடாது. இங்க சாவு வாசல் வரைக்கும் போய்த் திரும்பினவங்க செய்யறது. நீங்க போர்ட்டோக்காரங்க, உங்களுக்குத் தெரியாது."

"அந்தப் பெட்டி யார் வீட்ல இருக்கும்?"

"வீட்ல வெப்பாங்களா? ஒரே பெட்டிதான். நல்ல காற்று மாதா சிற்றாலயத்துல இருக்கு. பாட்டன் காலத்துப் பெட்டி."

"எங்க வெச்சிருப்பாங்க?"

டெல்ஃபிம் வண்டியைக் கிளப்பினான். பின்கட்டு அறையில், ஈரச்சுவரில் சாய்த்து என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். சொல்லாமலே இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது.

சிற்றாலயம் ஊருக்கு வடக்கே மணல்மேட்டில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது. வாசலில் கொடிக்கயிறு கட்டிக்கொண்டிருந்த கோயில்பிள்ளை வெனான்சியோ அவர்களைக் கண்டதும் ஏணியிலிருந்து இறங்கி வாசலை மறித்தார்.

"கோயில் மூடியிருக்கு."

"கதவு திறந்திருக்கே," என்றார் எர்மீனியா.

"உங்களுக்கு மூடியிருக்கு. துப்பறியறவங்கன்னு தெரியும். ஊருக்கே தெரியும். மாதாவை விசாரிக்க வந்தீங்களா?"

"மாதாவைப் பாக்க வந்தது யாருன்னு விசாரிக்க வந்தோம். க்ராவெய்ரோ வீட்டுக்காரங்க இங்க வந்தாங்களா?"

"இந்த வருஷம் யாரும் பெட்டியைத் தொடல."

"பெட்டியைப் பத்தி நான் கேட்கவே இல்லையே."

வெனான்சியோ கையிலிருந்த கொடிக்கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். அதற்குள் டெல்ஃபிம் கதவருகே உட்கார்ந்துவிட்டிருந்தான்.

அந்தக் கதவு முழுக்கக் குறிகள். வேண்டுதல் முடித்த மீனவன் கத்தியை எடுத்து அவனுடைய குடும்பக் குறியைக் கதவில் வெட்டிவிட்டுப் போவான். வலையிலும் துடுப்பிலும் கல்லறையிலும் இருக்கிற அதே குறி. எழுத்துத் தெரியாத காலத்தில் வந்த பழக்கம், எழுத்துத் தெரிந்த பிறகும் போகவில்லை. நூறு வருடக் குறிகள் சாம்பல் நிறத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஆனால் கீழே, முழங்கால் உயரத்தில், ஒன்று மட்டும் வெள்ளை மரம் தெரியப் புதிதாக இருந்தது. அரைவட்டம், அதைக் குத்தும் ஒரு கம்பு.

"க்ராவெய்ரோ குறி," என்றான் டெல்ஃபிம்.

"எந்த க்ராவெய்ரோ? ஸெஃபெரீனோவுக்கு அண்ணனுங்க ரெண்டு பேர் இருக்காங்க. இது அப்பாவோட குறியா?"

"அப்பா செத்து இருபது வருஷமாச்சு, டோனா. மூத்தவன் அப்பா குறியில ஒரு கோடு சேர்த்து வெட்டணும், அடுத்தவன் ரெண்டு கோடு. எதுவும் சேர்க்காத வெறும் குறி கடைக்குட்டிக்குத்தான். வீடும் அவனுக்குத்தான். இது ஸெஃபெரீனோ வெட்டினது."

"வேற யாராவது அவனுக்காக வெட்டியிருந்தா?"

"அடுத்தவன் குறியை வெட்டினவன் இந்த ஊர்ல கடலுக்குப் போக முடியாது. கூட வர ஆள் கிடைக்காது. இன்னொண்ணு பாருங்க, நிக்கிறவன் ஏன் முழங்கால் உயரத்துல வெட்டணும்? பெட்டியை வாசல்ல இறக்கி வெச்சிருக்காங்க. காலைக் கீழ வெக்கக் கூடாதே. பெட்டிக்குள்ளயே எழுந்து உட்கார்ந்து வெட்டியிருக்கான்."

எர்மீனியா அவனை ஒரு பார்வை பார்த்தார். பாராட்டு என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அவரிடம் கிடைக்காது. பிறகு வெனான்சியோவிடம் திரும்பினார்.

"கால்மாட்டுல மெழுகுவர்த்தி பிடிச்சது நீங்கதானே. கொஞ்சம் நேரா பிடிச்சிருக்கலாம். பெட்டியைக் காட்டுங்க."

பின்கட்டு அறைக் கதவைத் திறந்ததும் ஒரு வாடை வந்தது. மழைக்காலம் முழுக்க மூடிக்கிடந்த அறையின் வாடை. எர்மீனியா கழுத்துத் துணியை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டினார்.

"மூச்சைப் பிடிச்சுக்க," என்றார்.

"எவ்வளவு நேரம்?"

"பேசாம இருந்தா அதிக நேரம் பிடிக்கலாம்."

பல்லக்குக் கம்புகளுக்கும் கிழிந்த கொடிகளுக்கும் பின்னால் சவப்பெட்டி கிடந்தது. வெள்ளை பெயின்ட், நீல விளிம்பு, திறந்த மேல்பாகம். சுவர்ப்பக்கம் உள்ளே ஒட்டிய துணியில் பச்சையும் சாம்பலுமாகப் படை படையாகப் பூத்திருந்தது. தலைமாட்டில் ஒரு தலையணை. எர்மீனியா ஒரு கம்பை எடுத்து அதை லேசாக அழுத்தினார். உள்ளே சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. தையல் பிரிந்த இடத்திலிருந்து மெல்லிய பச்சைத் தூள் புகையாக எழுந்து, ஜன்னல் வெளிச்சத்தில் கீழே இறங்க அவசரமே இல்லாமல் மிதந்தது.

மூவரும் வெளியே வந்தார்கள். டெல்ஃபிம்தான் முதலில் வந்தான்.

"சோள மட்டை," என்றார் எர்மீனியா. "ஈரம் பட்ட சோள மட்டையை அடைச்ச தலகாணி. அதுல ஒருத்தன் தலையை வெச்சு எவ்வளவு நேரம் படுத்திருந்தான்?"

"ஒரு மணி நேரம்," என்றார் வெனான்சியோ. "ஆனா நீங்க சொல்றது தப்பு. மாதா வீட்ல நோய் வராது. நோய் தீர்ந்துதான் போகும்."

"மாதாவுக்கு நுரையீரல் நல்லா இருக்கு. கல்லீரலும் சொந்தமானது," என்றான் டெல்ஃபிம்.

"வாயைக் கழுவுடா, மீன் கூவி. ஞாயித்துக்கிழமை திருவிழா. அன்னிக்கு வந்து அவன் எப்படி இருக்கான்னு நீயே பாரு."

எர்மீனியா நின்றார். "ஞாயித்துக்கிழமை அவர் இங்க ஏன் வர்றாரு?"

"வேண்டுதல் ரெண்டு தடவை. வீட்டுக்கு வந்ததும் ஒண்ணு, திருவிழா அன்னிக்கு ஒண்ணு. சனிக்கிழமை விடறாங்களாமே, சரியா இருக்கும். பெட்டியும் தயாரா இருக்கு."

டெல்ஃபிம் பின்கட்டு அறைக் கதவை இழுத்துச் சாத்தினான். ஸெஃபெரீனோ அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன் இல்லை, நண்பன் இல்லை. ஏலக்கூடத்தில் அவனைப் பார்த்து ஒரு நாள்கூடச் சிரித்ததில்லை. ஆனால் அந்தப் பச்சைத் தூள் மிதந்ததை இப்போதுதான் பார்த்திருந்தான்.

"யார் வேண்டுதல்?" என்றார் எர்மீனியா.

"அது வேண்டினவங்களுக்கும் மாதாவுக்கும் நடுவுல."

"யார் தூக்கினாங்க?"

"கால்மாட்டுல படகு ஆளுங்க ரெண்டு பேர். தலைமாட்டுல ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தி அவன் அக்கா, மீன்காரி. இன்னொருத்தி முக்காடு போட்டிருந்தா. நான் மெழுகுவர்த்தியைப் பாத்துக்கிட்டு வந்தேன்."

"அதைத்தான் நீங்க பாக்கவே இல்ல," என்றார் எர்மீனியா.

மீன் சந்தையில் கித்தேரியா ஒரு பெரிய கடல்விராலின் செதிலைச் சீவிக்கொண்டிருந்தாள். எர்மீனியா எதிரில் வந்து நின்றதும் செதில் அவர் பக்கமாகத் தெறிக்க ஆரம்பித்தது.

"நீங்க தம்பியைச் சவப்பெட்டியில தூக்கிட்டுப் போயிருக்கீங்க."

"ஆமா."

டெல்ஃபிம் ஒரு மறுப்பை எதிர்பார்த்திருந்தான். ஒரு மறுப்பும் வரவில்லை.

"இதை ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?"

"அவங்க கேட்டாங்களா? வைக்கோலா, குப்பையான்னு கேட்டாங்க. கோயிலுக்குப் போனீங்களான்னு கேட்டாங்களா? கோயில்ல என்ன இருக்கு, பொழைச்சதுக்கு நன்றி சொல்லப் போனோம்." கத்தி நிற்கவில்லை. "உங்களுக்குக் குற்றவாளி வேணும்னா அவ வீட்டு அடுப்படியில தேடுங்க. வேண்டுதல்ல கை வெச்சீங்கன்னா இந்த மீனுக்கு அடுத்தது நீங்கதான்."

"அந்தப் பெட்டி முழுக்கப் பூஞ்சை. தலகாணியில இன்னும் அதிகம். உங்க தம்பி நெஞ்சுல இருக்கிறது அதுதான். ஞாயித்துக்கிழமை மறுபடி படுத்தா திங்கட்கிழமை பெட்டியை விட்டு எழுந்திருக்க வேண்டிய அவசியமே இருக்காது."

கத்தி நின்றது. பக்கத்துக் கடைக்காரிகள் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் காதைத் திருப்பினார்கள்.

"உங்க வேண்டுதலை நீங்களே போய் மாத்தணும். பாதிரியார்கிட்ட கேட்டா வழி சொல்வாரு," என்றார் எர்மீனியா.

"என் வேண்டுதலா?" கித்தேரியா நிமிர்ந்தாள். "என் வேண்டுதல்னு யார் சொன்னா? தூக்க ஆள் பத்தலைன்னு வந்து நின்னா, தூக்கினேன். என் தம்பி, நான் தூக்காம யார் தூக்குவா?" அவள் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் ஏறியது. நல்ல வெளிச்சம் இல்லை. "தலகாணின்னா சொன்னீங்க? அதுக்குள்ள என்ன இருந்துச்சு?"

"சோள மட்டை."

"எங்க வீட்ல மீன் இருக்கும், உப்பு இருக்கும், வலை இருக்கும். சோளம் ஏது?"

டெல்ஃபிம் எர்மீனியாவைப் பார்த்தான். அவர் முகம் மாறவில்லை, ஆனால் கழுத்துத் துணியின் முடிச்சைத் தேவையில்லாமல் இறுக்கிக்கொண்டார். உழவு வீட்டுப் பொண்ணு. காலையிலிருந்து கித்தேரியா கத்திக்கொண்டிருந்த வார்த்தைதான். வசவு என்று நினைத்து இரண்டு பேரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேஸைக் கொடுத்தவளே கேஸ்.

கித்தேரியா ஏப்ரனை அவிழ்த்து மீன் மேல் எறிந்தாள்.

"நானும் வர்றேன்," என்றாள். "பதினஞ்சு வருஷமா இந்த நாளுக்காகக் காத்திருக்கேன்."

லெயோகாடியா கதவைத் திறந்தாள். மூன்று பேரையும் பார்த்தாள். நாத்தனாரைப் பார்த்ததும் கதவைச் சாத்தப் போனாள். எர்மீனியா காலை வைத்துத் தடுத்தார்.

"உங்க பட்டியல்ல ஒரு இடம் விட்டுப்போச்சு," என்றார்.

"எதுவும் விடல. கடைக்குக்கூட அவர் போகல."

"நல்ல காற்று மாதா சிற்றாலயம்."

லெயோகாடியா அவரை உண்மையாகவே புரியாமல் பார்த்தாள். டெல்ஃபிம் அந்தப் பார்வையை நன்றாகக் கவனித்தான். மாட்டிக்கொண்டவள் முகத்தை அவன் எவ்வளவோ பார்த்திருக்கிறான். இது அது இல்லை.

"அது கோயில்," என்றாள். "அதை எதுக்கு எழுதணும்? வேண்டுதலை வெளியாள்கிட்ட சொல்றதில்ல, அதான் ஷூ பழசுன்னேன். ஆபரேஷன் அறைக்கு வெளியில பதினோரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மாதா, இவரை வெளியில அனுப்பு, பெட்டியில வெச்சு ரெண்டு தடவை உன்கிட்ட கொண்டு வரேன்னு சொன்னேன். அனுப்பினாங்க. நான் சொன்னதைச் செஞ்சேன். அவரைப் பொழைக்க வெச்ச இடம் அது."

"தலகாணி யார் வெச்சது?"

"நான்தான். அடியில வெறும் பலகை. வயித்துல இவ்வளவு நீளம் தையல் போட்டவர், வழியெல்லாம் மேடு பள்ளம், தலை இடிக்குமேன்னு எங்க அப்பா வீட்டுக் களத்துலருந்து..." அவள் நிறுத்தினாள்.

டாக்டர் கேட்ட வைக்கோல் போரை அவள் தன் கையாலேயே உறையில் அடைத்து, தைத்து, புருஷன் தலைக்கு அடியில் வைத்திருந்தாள். அவள் முகம் அதைப் புரிந்துகொண்ட நேரம் ரொம்ப நீளமாக இருந்தது. டெல்ஃபிம் தரையைப் பார்த்தான். அவனுக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது, அவளோ யாருடைய இரக்கத்தையும் வாங்குகிறவள் இல்லை.

"சொன்னேன்ல," என்றாள் கித்தேரியா. குரல் ஏறியது. "உழவு வீட்டுப் புத்தி. ஜன்னலுக்கு டேப் ஒட்டி, என்னை வாசல்ல நிக்க வெச்சு, கடைசியில நீயே அவன் மூக்குக்குக் கீழ கொண்டுபோய் வெச்சிருக்கே. அதுவும் கட்டாந்தரை மாதிரி ஒரு தலகாணி. நான் நாலு தட்டுத் தட்டி உப்ப வெக்கலைன்னா..."

அவளும் நிறுத்தினாள்.

"எங்க தட்டுனீங்க?" என்றார் எர்மீனியா.

"பெட்டியிலதான்." குரல் இறங்கிவிட்டது. "அவன் படுத்த பிறகு. தலையைத் தூக்கச் சொல்லிட்டு ரெண்டு கையாலயும் தட்டினேன். தூசு பறந்துச்சு. தும்மினான். பெரிய மூக்குக்காரா, மாதாவுக்கு முன்னாடி தும்மாதேன்னு நான் திட்டினேன். சிரிச்சான்."

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பதினைந்து வருடத்தில் இந்த இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான் என்று டெல்ஃபிமுக்குத் தோன்றியது. சொல்ல நினைத்தான். எர்மீனியா திரும்பிப் பார்த்ததில் விழுங்கிக்கொண்டான்.

லெயோகாடியா மேஜைமேல் இருந்த ஃபோனை எடுத்தாள். விரல் இரண்டு தடவை தப்பான எண்ணில் விழுந்தது. மூன்றாம் தடவை கிடைத்தது.

"டாக்டரம்மா, லெயோகாடியா பேசறேன். எங்கருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுபோச்சு." நாத்தனாரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நான் வெச்சேன். சோள மட்டைத் தலகாணி. பூஞ்சை பிடிச்ச பெட்டிக்குள்ள. ஒரு மணி நேரம். ஆமா, நானேதான்."

நாத்தனார் பேரை அவள் சொல்லவில்லை. அந்தப் பக்கம் டாக்டர் நிறையப் பேசினார். லெயோகாடியா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"பூஞ்சை வீட்ல இல்லைன்னா சனிக்கிழமை அனுப்பறாங்களாம். தலகாணியை எரிக்கணும். பெட்டியிலருந்து துணியை உரிச்சுட்டு, கழுவி வெயில்ல போடணும். இனிமே அவர் அது பக்கமே போகக் கூடாது. அங்க போயிட்டு வர்றவங்க துணியை வெளியிலயே கழட்டிக் குளிச்சிட்டுத்தான் அவர்கிட்ட வரணும். நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகாதாம்."

"வேண்டுதலை என்ன பண்ணப் போறீங்க?" என்றார் எர்மீனியா. "அவருக்குத் தெரிஞ்சா படுத்தே தீருவேன்னு நிப்பாரு."

"நிப்பாரு. அதுக்கு முன்னாடி முடிச்சிடணும்." லெயோகாடியா ஈரத்துணியை எடுத்து, சுத்தமாக இருந்த மேஜையை மறுபடி துடைத்தாள். "வேண்டினது நான். ஞாயித்துக்கிழமை நானே படுக்கறேன்."

"க்ராவெய்ரோவைக் கொண்டு வரேன்னுதானே வேண்டினே," என்றாள் கித்தேரியா. "நீ க்ராவெய்ரோ இல்ல."

"பதினஞ்சு வருஷமா நீ அதைத்தான் சொல்றே. மாதாகிட்டயும் போய்ச் சொல்லு. வேற வீட்டுக்காரி வந்து படுத்திருக்கா, இது செல்லாதுன்னு சொல்லு. அப்புறம் உன் தம்பியைத் தூக்கிட்டுப் போய்ப் படுக்க வை."

கித்தேரியா கதவு வரை போனாள். கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கைகளில் இன்னும் செதில் ஒட்டியிருந்தது. அந்தக் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்குத் தயாரா இரு," என்றாள். "முன்ன மாதிரியே தலைமாட்டுல நான் தூக்கறேன். யாராவது கேட்டா க்ராவெய்ரோ வீட்டுப் பொம்பளைன்னு சொல்லுவேன். அன்னிக்கு மட்டும்."

"சரி."

"தலகாணி கிடையாது."

"வேண்டாம்," என்றாள் லெயோகாடியா.